கியர் ஒயிலை வீட்டிலேயே மாற்றப் போகிறாரா உங்கள் மகன்?



மாதர் படிக்கும் ஏட்டில் கராஜ் கதை எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது உங்கள் முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பற்றியது. உங்கள் கிணற்றையும் உங்கள் பிள்ளையையும் பற்றியதும்கூட.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நம் பகுதியில், ஜமாலியாவாகட்டும், சீனக்குடாவாகட்டும், பாலத்துக்கு அப்பால் கிண்ணியாவாகட்டும், எத்தனையோ வீடுகளில் ஒரு ஜப்பான் வண்டி நிற்கிறது. கழுத்தில் கிடந்ததை விற்றோ, கணவர் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று அனுப்பிய பணத்தைச் சேர்த்தோ வாங்கிய வண்டி அது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கையில் இருக்கும் பழைய வண்டியையே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில்தான் நம்மில் அநேகர் இருக்கிறோம். அந்த வண்டியில் என்ஜினுக்கு அடுத்தபடியாக, சில வேளை என்ஜினையும் மிஞ்சி, செலவு வைக்கும் உறுப்பு கியர்ப் பெட்டி.

இந்த நேரத்தில்தான் வீட்டில் ஒரு குரல் கேட்கும். "உம்மா, கராஜுக்கு எதுக்குக் கூலி? ஃபோன்ல வீடியோ பார்த்தன். கியர் ஒயிலை நானே மாத்திடுறன்."

பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கைவேலையைப் பொறுத்தவரை இது பெரிய வித்தை அல்ல. கீழே உள்ள போல்ட்டைக் கழற்றினால் பழைய ஒயில் வடியும். போல்ட்டைப் பூட்டிவிட்டு மேலே புதிய ஒயிலை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வீட்டில் இந்த வேலை செய்து கியர்ப் பெட்டியை இழந்தவர்கள் எப்படி இழந்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே வழிதான். எந்தப் போல்ட், எந்த ஒயில், எவ்வளவு ஒயில் என்பதை உறுதி செய்யாமலே சாவியைத் திருகியிருப்பார்கள்.

இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். என்ஜின் ஓடாமல் இருக்கும் வரை இந்த வேலையில் நேரும் பிழைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்தி விடலாம். தவறான போல்ட்டைக் கழற்றினாலும், தவறான ஒயிலை ஊற்றினாலும், கூடினாலும் குறைந்தாலும், நஷ்டம் சில லீற்றர் ஒயில் மட்டுமே. என்ஜினை இயக்கிய மறுகணம் கணக்கு மாறிவிடும். ஆகையால், சகோதரிகளே, வேலை தொடங்கும்போதே வண்டிச் சாவியை வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெனர் பிடிப்பது மகனாக இருக்கட்டும். சாவியைக் கொடுப்பது நீங்களாக இருங்கள்.

அந்த ஒயில் என்ன செய்கிறது?

கையால் கியர் போடும் வண்டியில் இந்த ஒயிலின் வேலை எளிது. பற்சக்கரங்கள் அதில் நனைந்து ஓடும், தேய்மானம் குறையும். ஓட்டோ கியர் வண்டியில் சங்கதி வேறு. அங்கே ஒயில்தான் என்ஜினின் விசையைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குமல்லவா? கியர்ப் பெட்டியின் வாயிலில் அதே ஏற்பாடு இருக்கிறது. காற்றுக்குப் பதில் ஒயில். உள்ளே கிளச்சுத் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அந்த ஒயிலின் அழுத்தமே. சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுவே. சி.வி.டி. என்று சொல்கிறார்களே, அந்த வகையில் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. அந்தப் பட்டி தேயவும் கூடாது, வழுக்கவும் கூடாது.

ஆக, இந்த ஒயில் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். முரணான இரண்டு குணங்கள்! முன்னொரு காலத்தில் இந்தக் குணத்தைத் தந்தது எது தெரியுமா? திமிங்கில எண்ணெய்.

நம்ப முடியவில்லையா? 1939 இன் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், 1940 ஆம் ஆண்டு மொடல் ஒல்ட்ஸ்மொபில் காரில் ஹைட்ராமெட்டிக் என்ற ஓட்டோ கியர்ப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதன் பின் பல ஆண்டுகள் ஓட்டோ கியர் ஒயிலில் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் ஒரு முக்கிய சேர்மானமாக இருந்தது. அத்தர் பிரியர்கள் அறிந்த அம்பர் கிடைப்பதும் அதே திமிங்கிலத்தின் குடலிலிருந்துதான். 1970களின் தொடக்கத்தில், அழிந்துவரும் உயிரினம் என்று அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடை செய்தது. பதிலுக்கு வேறு சேர்மானங்களைப் போட்டார்கள். அவற்றுள் ஒன்று கியர் ஒயிலைக் குளிர வைக்கும் குழாய்களின் பற்றுகளை அரித்தது. ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலுக்குள் கசிந்து கியர்ப் பெட்டிகள் பழுதாகின. பெரிய பெரிய இரசாயன நிபுணர்கள் இருந்தும் ஒரு சேர்மானத்தை மாற்றியதில் இவ்வளவு வினை! ஒயில் என்றால் எல்லாம் ஒயில்தானே என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திமிங்கிலங்கள் நமக்கு அந்நியமும் அல்ல. நம் துறைமுகத்தின் வாயிலிலேயே கடல் கிடுகிடுவென ஆழமாகி விடுவதால் அவை கரைக்கு அண்மையில் வருகின்றன. 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள்.

எந்த ஒயில்?

எண்ணெய்க்குப் பேர்போன ஊர் நம் ஊர். சீனக்குடாக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய இராட்சத எண்ணெய்த் தொட்டிகள் இன்றும் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தொட்டி எரிந்தே போனது. (அன்று குண்டு போட்டவர்களின் நாட்டு வண்டியை இன்று நாம் முற்றத்தில் வைத்துத் துடைக்கிறோம். காலத்தைப் பாருங்கள்!) லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தின் மசகெண்ணெய்க் கலப்பு ஆலையும் இங்கேதான் இருக்கிறது. ஒயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் வண்டிக்குரிய ஒயில் எது என்பது வேறு கேள்வி.

ரொயோட்டாவின் ஓட்டோ கியர் வண்டிகள் பலவற்றுக்கு டபிள்யூ.எஸ். என்று குறித்த ஒயில். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகளுக்கும் அதுவே. "ஹைபிரிட் தானே, அதற்கு கியர் ஒயில் ஏது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது, அந்த வண்டிகளின் மின்மோட்டார்கள் அந்த ஒயிலால்தான் குளிர்கின்றன. ரொயோட்டாவின் சி.வி.டி. வண்டி என்றால் டி.சி. அல்லது எஃப்.ஈ. என்ற வேறு ஒயில். ஹொண்டாவில் சாதாரண ஓட்டோவுக்கு டி.டபிள்யூ.-1, சி.வி.டி. என்றால் பழைய வண்டிகளில் எச்.எம்.எம்.எஃப்., பிந்தியவற்றில் எச்.சி.எஃப்.-2. நிஸானின் சி.வி.டி.க்கு என்.எஸ்.-2, என்.எஸ்.-3 என்று வரும். ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம் கியர்ப் பெட்டி மாறியிருக்கலாம். ஆகவே அடுத்த வீட்டு வண்டியும் உங்கள் வண்டியும் ஒரே மாதிரித் தெரிகிறது என்பதற்காக அவர்கள் ஊற்றியதை நீங்களும் ஊற்ற முடியாது.

சி.வி.டி.க்கு உரியதை விட்டுச் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால் அந்த உருக்குப் பட்டி வழுக்கும். கப்பியில் கோடு விழும். விழுந்த கோட்டை எந்த ஒயிலாலும் அழிக்க முடியாது. கையால் கியர் போடும் வண்டியிலும் இப்படி ஒன்று உண்டு. ஜி.எல்.-4 கேட்கும் பெட்டிக்கு ஜி.எல்.-5 ஊற்றுவது. இரண்டாவது உயர்ந்தது போலத் தோன்றும். ஆனால் அதிலுள்ள சில சேர்மானங்கள் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. எண் பெரிதாக இருந்தால் தரமும் பெரிது என்று எண்ணிவிடக் கூடாது.

சரியான பெயரை எங்கே பார்ப்பது? டிப்ஸ்டிக் என்ற அளவுக்கம்பி இருந்தால் அதன் தலையில் பொறித்திருக்கும். இல்லையேல் வண்டியோடு வந்த கைநூலில் இருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த வண்டிக்கு அந்த நூல் ஜப்பான் மொழியில்தான் இருக்கும். அதைத் தூக்கி எறிந்து விடாதீர்கள். கைத்தொலைபேசியின் கமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும் வசதி இன்று இருக்கிறது. அதில் ஒயிலின் பெயரோடு எத்தனை லீற்றர் என்பதும் இருக்கும். இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். ஒயிலின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் வெறும் சாயம். கேன் வாங்கும்போது மூடியின் முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். போலிச் சரக்கு ஒயிலிலும் உண்டு.

கீழே எந்தப் போல்ட்?

இனி நாம் சொல்லப்போவது உலகமெங்கும் நடக்கும் பிழை. வண்டிக்கு அடியில் படுத்து மேலே பார்த்தால் இரண்டு போல்ட்டுகள் தெரியும். ஒன்று என்ஜினுடையது, மற்றது கியர்ப் பெட்டியுடையது. இரண்டும் அருகருகே. ஹொண்டாக்கள் பலவற்றில் என்ஜின் போல்ட்டுக்கு ஆறு பக்கத் தலை. கியர்ப் பெட்டியின் போல்ட்டில் நாற்சதுரக் குழி. இதைத் தெரியாதவர் என்ஜின் ஒயில் மாற்றுகிறேன் என்று கியர் ஒயிலை வடித்து விடுவார். வடிவது தெளிவாக இருப்பதைப் பார்த்து, "என்ஜின் ஒயில் இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்று மகிழ்ந்து கொள்வார். போல்ட்டைப் பூட்டிவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் என்ஜினில் இன்னும் மூன்று நான்கு லீற்றர் ஊற்றுவார். சாவியைத் திருகினால் என்ஜின் புகை கக்கும். கியர்ப் பெட்டியோ ஒரு சொட்டில்லாமல் வறண்டு சுழலும். வண்டி தெருமுனை வரை போகும். அதற்குப் பிறகு இழுக்காது. ஒரே பிழையில் இரண்டு உறுப்புக்கும் ஆபத்து!

கியர் ஒயில் மாற்றப் போய் என்ஜின் ஒயிலை வடிப்பதும் இப்படியே நடக்கிறது.

நீங்கள் அடியில் போய்ப் பார்க்கத் தேவையில்லை. வடிந்து வருவதைப் பாருங்கள். ஓடிய என்ஜின் ஒயில் கறுத்திருக்கும், பெற்றோல் வாசனை கலந்திருக்கும். கியர் ஒயில் சிவப்பாகவோ, பழுத்த பழுப்பாகவோ, பச்சை கலந்தோ இருக்கும்; பிசுபிசுப்பும் குறைவு. எதிர்பார்த்தது வரவில்லை என்றால், "நிறுத்து மகன்" என்று சொல்லுங்கள். சாவி உங்களிடம் இருப்பதால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. எது வடிந்ததோ அதைத் திரும்ப நிரப்ப வேண்டும், எதில் கூடுதலாக ஊற்றப்பட்டதோ அதை வடிக்க வேண்டும். முடிந்தது.

இன்னொன்று. கீழ்ப் போல்ட்டைத் தொடும் முன் மேலே ஒயில் ஊற்றும் வாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும் ஊர் இது. பல வருடம் திறக்காத போல்ட் துருவேறி இறுகியிருக்கும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால், ஒயில் இல்லாத வண்டியை என்ன செய்வது? கராஜுக்கு ஓட்டிப் போகவும் முடியாது. மேலே திறக்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. பழைய ஒயிலோடு வண்டி வழமைபோல ஓடட்டும்.

வண்டிக்கு அடியில்

இந்தப் பகுதியை எழுதும்போது சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி உங்கள் பிள்ளை வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க நீங்கள் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. நம் முற்றங்கள் மணல். ஜாக்கி மெல்லப் புதையும், சரியும். சிமெந்துக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். நடுவில் ஓட்டையுள்ள அந்தக் கல் எச்சரிக்கை ஏதுமின்றி ஒரே நொடியில் நொறுங்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இரும்பு முக்காலிகள் விற்கின்றன. அல்லது வண்டியை ஏற்றி நிறுத்தும் சாய்தளம். அவை இல்லையென்றால், குழி வசதியுள்ள சேர்விஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பெறலாம். தரை உறுதியான சிமெந்தாக இருக்க வேண்டும், தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஹைபிரிட் வண்டி சத்தமே இல்லாமல் 'ரெடி' நிலையில் இருந்து, என்ஜின் தானாக ஓடத் தொடங்கும். அதற்காகவும்தான் சாவி உங்கள் கையில், வண்டியை விட்டு எட்ட இருக்க வேண்டும் என்கிறோம்.

ஓடிவந்த வண்டியை உடனே வடிக்கவும் கூடாது. கொதிக்கும் ஒயில் கையில் பட்டால் தோல் உரிந்து வரும். சுபஹுக்குப் பின், இரவு முழுக்க ஆறியிருக்கும் நேரம் வாய்ப்பானது.

எவ்வளவு?

வடிந்த ஒயிலை அளந்து பாருங்கள். இதுதான் முழு வேலையிலும் மிகப் பயனுள்ள ஒற்றைச் செயல் என்பது நம் அபிப்பிராயம். அளவுகோடு போட்ட பழைய நான்கு லீற்றர் கேன் போதும். (குசினி ஜக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது திரும்பக் குசினிக்கு வரக்கூடாது.) இரண்டு லீற்றர் எண்ணூறு மில்லிலீற்றர் வந்தால், அப்படியே கொப்பியில் எழுதுங்கள். உள்ளே போக வேண்டியதும் அதுவே. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்திருந்தால் வண்டி ஏற்கெனவே எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். கைநூலின் அளவோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கைநூலில் ஏழு லீற்றர் என்று இருக்கும். வடிந்தது மூன்று லீற்றர்தான். "மிச்சம் எங்கே?" என்று ஏழையும் ஊற்றி விடுவார்கள். ஓட்டோ கியர்ப் பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட ஒயில் உள்ளே விசிறிக் கூட்டிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒரே தடவையில் வடியாது. மூன்று வந்தால் மூன்றுதான் ஊற்ற வேண்டும். முழுவதும் புதிதாக வேண்டுமென்றால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி வடித்து ஊற்றலாம். கூடுதலாக ஊற்றினால் பற்சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, சூடேறும், காற்றுத் துளை வழியாக வெளியே கக்கும். குறைந்தால் பம்பு காற்றைக் குடிக்கும். வண்டி கியரில் விழத் தயங்கும்.

அந்தக் கீழ்ப் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கலாம். அதில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், வயதான பெட்டியின் இயல்பான தேய்மானம். துடைத்து விடலாம். ஆனால் ஊசி முனை போலவோ நகத்துண்டு போலவோ இரும்புச் சில்லுகள் இருந்தால், அல்லது ஒயில் கருகிய வாசனையோடு கறுத்திருந்தால், புதிய ஒயில் அதைக் குணப்படுத்தாது. அறிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். "ஒயில் மாத்தினதும்தான் கியர் பிடிக்காமல் போச்சு" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அநேகமாக அந்த வண்டி முன்பே வழுக்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஒயில் மாற்றும் யோசனையே வந்திருக்கும்.

போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது அதன் வொஷர் புதிதாக இருக்கட்டும். மென்மையான உலோகத்தில் செய்த வளையம் அது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. மலிவான பொருள். அதை வாங்காமல் கசிவை நிறுத்தப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினியப் பெட்டியின் மரை அறுந்து போகும். வாலிபப் பிள்ளைகளின் கைப்பலம் இந்த ஒரு இடத்தில் மட்டும் வேண்டாத விருந்தாளி.

சாவியை எப்போது கொடுப்பது?

கொப்பியைப் பாருங்கள். ஒயிலின் பெயர் கேனில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா? வடிந்த அளவும் ஊற்றிய அளவும் ஒன்றா? கீழ்ப் போல்ட்டும் மேல் மூடியும் பூட்டியாயிற்றா? ஆம் என்றால் கொடுங்கள்.

என்ஜினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, பிறகு மட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி வேறு. பெரும்பாலான ஓட்டோக்களில் என்ஜின் ஓடும்போதே கம்பியைப் பார்ப்பார்கள். ஹொண்டாவில் சூடேற்றி, நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். கம்பியே இல்லாத ரொயோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒயிலின் சூடு சுமார் 40 பாகை செல்சியஸ் இருக்கும்போது, என்ஜின் ஓட, அடியில் உள்ள ஒரு துளையால் மிதமிஞ்சியது சொட்டி வழிந்து நிற்பதுதான் சரியான மட்டம். நம் ஊரில் கோடைப் பகல் 35 பாகையைத் தாண்டும். நண்பகல் வெயிலில் நின்ற வண்டியின் ஒயில் சிறிது ஓட்டத்திலேயே அந்த அளவைக் கடந்து விரிந்துவிடும். அளவுக்கு மேல் வழிந்து போகும். காலை நேரத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டி நாலு பக்கமும் சமமாக நிற்காவிட்டால் இந்த மட்டம் பொய் சொல்லும். ஓடும் என்ஜினை மூடிய கொட்டிலுக்குள் வைத்திருக்கவும் கூடாது. புகையின் விஷத்துக்கு வாசனை இல்லை.

கம்பி இல்லாத வண்டி, இரட்டைக் கிளச்சு வண்டி, ஏற்கெனவே வழுக்கும் வண்டி ஆகியவற்றைத் தெரிந்த இடத்தில் கொடுத்துச் செய்வதே நல்லது என்று நாம் நினைக்கிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்க, நீங்களே வண்டியைக் கராஜுக்குக் கொண்டு போகிறவராக இருந்தாலும் அந்தக் கொப்பி உதவும். "பாஸ், எந்த ஒயில் போடப் போறீங்க? கேனைக் காட்டுங்க. வடிஞ்சது எத்தனை லீற்றர்? பழைய வொஷரை மாத்தினீங்களா?" இந்த நான்கு கேள்வி கேட்கும் பெண்ணிடம் நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

சிவப்புப் போத்தல்

வேலை முடிந்து பிள்ளை குளிக்கப் போய்விடுவான். முற்றத்தில் பழைய ஒயில் மிஞ்சியிருக்கும். கையில் கிடைத்த சோடாப் போத்தலில் ஊற்றி, மூடி, சுவரோரம் வைத்திருப்பான். கேனில் மிஞ்சிய புதிய ஒயிலையும் அப்படியே.

ஓட்டோ கியர் ஒயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுவது, கசிந்தால் என்ஜின் ஒயிலிலிருந்து வேறுபடுத்தி அறியத்தான். ஆனால் போத்தலில் அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நோன்பு காலத்தில் நாம் கரைக்கும் ரோஸ் சர்பத் போலவே இருக்கும்! தாகத்தோடு ஓடிவரும் நாலு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. குடிபானப் போத்தலில் எந்த ஒயிலையும் ஊற்றக் கூடாது. ஒரு நிமிடத்துக்கும் கூடாது. அப்படி யாராவது குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போகும் ஒயிலே பெரிய ஆபத்து. அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒயில் நனைந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பாவித்த ஒயில் தோலில் அடிக்கடி ஊறுவது நல்லதல்ல. மகனுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

இனி, அந்தப் பழைய ஒயில் எங்கே போகும்? வேலிக் கட்டைக்குப் பூசுவது, கறையானுக்குத் தெளிப்பது, கானில் ஊற்றுவது... நம் ஊரில் கானில் ஊற்றியது மழையோடு குடாவுக்குத்தான் போகும். மணலில் ஊற்றியது கீழே இறங்கும். கீழே என்ன இருக்கிறது? நம் கிணறு.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி நினைவிருக்கிறதா? வீட்டுப் பெண்கள் தங்கள் கிணறு இருக்கத் தண்ணீர் பவுசருக்காகக் காத்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அது பெரிய நிலையம், நம்முடையது மூன்று லீற்றர் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கிணறும் சிறியதுதானே, வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரமும் சில அடிகள்தானே! பாவித்த ஒயிலைப் புதிய ஒயில் வந்த அதே கேனில் ஊற்றி, 'பழையது' என்று பெரிதாக எழுதி, சேர்விஸ் நிலையத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் இதற்கென்று பீப்பாய் இருக்கிறது.

கொப்பியில் திகதி, வண்டி ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி, ஒரு துண்டில் அதையே எழுதி பொனட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். மட்டை காய்ந்திருந்தால் ஹபரணை வழியாகக் கொழும்புக்கே புறப்படலாம். சிவப்புப் பொட்டு ஒன்று விழுந்திருந்தால், வண்டியை அசைக்காமல் அந்தப் பொட்டுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி இன்னும் உங்களிடம் இருக்கட்டும்.